ஜன்னலோரத்தில் ஒரு பூண்டு: வெயிலை வைத்துப் படமெடுக்கப் பழகுவது

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நல்ல நேரம் பதினொன்றரைக்கு மேல்தான் என்று சொல்லிவிட்டார்கள். நான் கேமரா வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, அந்த ஜோரில் இருநூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். ராத்திரி டிவியில் போட்டுக் காட்டினால் பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்: "ஏன்டா, எல்லாருக்கும் கண்ணு எங்கடா போச்சு?"

நிஜமாகவே கண்ணைக் காணோம். வெயில் உச்சந்தலையில் நேராக இறங்கி, புருவத்துக்குக் கீழே ஆளாளுக்கு இரண்டு கறுப்புக் குழி, மூக்கு நுனியில் ஒரு வெள்ளைத் திட்டு, மாமாவின் வழுக்கை மட்டும் தனியாக ஒரு பல்பு மாதிரி. கேமராவைக் குறை சொல்ல வழியில்லை. இருபதடி தள்ளி மடப்பள்ளித் திண்ணை இருந்தது, குழந்தையையும் தாய்மாமனையும் அதன் ஓரமாக உட்கார வைத்திருந்தால் அதே கேமராவில் அதே நேரத்தில் நல்ல படம் வந்திருக்கும். அது தெரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபிளாஷ், ஸ்டுடியோக் குடை, ஸ்டாண்டு எதுவும் வேண்டாம், ஃபோன் போதும். காகித நெகடிவை வைத்துக்கொண்டு 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கு இருந்ததும் இதே வெயில்தான்.

முதலில் பூண்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வீட்டில் வெளிச்சம் நன்றாக வரும் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஒரு முழுப் பூண்டை வையுங்கள். காலை 6 மணியிலிருந்து மாலை 6 வரை மணிக்கு ஒரு படம், மொத்தம் 13. ஸ்டூலும் நகரக் கூடாது, நீங்கள் நிற்கும் இடமும் மாறக் கூடாது, அறையில் டியூப்லைட் எரியவே கூடாது. இந்தப் பயிற்சிக்கு வழக்கமாக முட்டையைத்தான் சொல்வார்கள். நானும் முட்டையில்தான் ஆரம்பித்தேன், பத்து மணிப் படத்துக்கு முன்னால் அது உருண்டு விழுந்துவிட்டது. பூண்டு உருளாது, வெள்ளையாக இருக்கும், பல் பல்லாக மேடு பள்ளம் இருப்பதால் நிழல் எங்கே விழுகிறது என்று துல்லியமாகக் காட்டும்.

சாயங்காலம் 13 படத்தையும் வரிசையாகத் தள்ளிப் பாருங்கள். மூன்று விஷயத்தைக் கவனித்தால் போதும்: நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, அதன் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கிறதா இல்லை கரைந்துபோகிறதா, நிழலுக்குள்ளே ஏதாவது தெரிகிறதா இல்லை மொத்தமாகக் கறுப்பா. வெயில் நேராக ஜன்னலுக்குள் விழுந்த மணியில் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், வெயில் விலகி வானத்து வெளிச்சம் மட்டும் வந்த மணியில் கரைந்திருக்கும். காரணம் எளிது. சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான், கை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் மறைந்துவிடும். வெளிச்சம் வரும் இடம் சின்னதாக இருந்தால் நிழல் கடுமையாகும். மேகமோ, திரைச்சீலையோ, எதிர்வீட்டு வெள்ளைச் சுவரோ நடுவில் வந்து அதே வெளிச்சத்தைப் பெரிய பரப்பில் பிரித்துக் கொடுத்தால் நிழல் மென்மையாகும். ஒளியைப் பற்றி மற்றது எல்லாமே இதிலிருந்துதான் கிளைவிடுகிறது.

அடுத்த வாரம் அதே பூண்டை, வெயில் நேராக விழாத ஒரு நேரத்தில், ஜன்னலிலிருந்து ஒரு அடி, மூன்று அடி, ஆறு அடி என்று தள்ளித் தள்ளி வைத்து எடுங்கள். ஒரு அடியில் பூண்டு பளிச்சென்று இருக்கும், பின்னால் இருக்கும் அறை இருட்டுக்குள் போய்விடும். ஆறு அடியில் பூண்டும் அறையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் சப்பென்று நிற்கும். பின்னால் கொடியில் காயும் துணியையும் பழைய காலண்டரையும் மறைக்க வேண்டுமா, ஆளை ஜன்னலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் போதும், அறையைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை. (எங்கள் வீட்டில் இதற்காகவே நான் ஜன்னலோரப் புகைப்படக்காரன் ஆனேன்.)

நம் ஊர்ச் சூரியன் வேறு

காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் பொன்னிற வெளிச்சம் இருக்கும், அப்போது எடுங்கள் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் இருப்பது லண்டனிலோ டொராண்டோவிலோ. அங்கே சூரியன் சரிந்து சரிந்து மெதுவாக இறங்கும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது, இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழுந்துவிடும். அடிவானத்துக்கு 6 டிகிரி மேலே இருக்கும் சூரியன் மறைய இங்கே 25 நிமிடம் சொச்சம்தான் ஆகும், லண்டனில் ஜூன் மாதத்தில் அதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அதனால் "ஆறு மணிக்கு வெளிச்சம் அருமையாக இருக்கும், ஆறு மணிக்குப் போவோம்" என்று கிளம்பினால், வண்டியை நிறுத்தி இடம் தேடுவதற்குள் முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் முன்னாலேயே போய், யாரை எங்கே நிறுத்துவது, பின்னால் என்ன வரும் என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டு வெளிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

திசையையும் பாருங்கள். மெரினா கிழக்குப் பார்த்த கடற்கரை, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அப்படித்தான், அங்கே கடலோடு சேர்ந்த சூரியன் காலையில்தான் கிடைக்கும். சாயங்காலம் மெரினாவுக்குப் போய் சூரியாஸ்தமனம் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டதே என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி நின்றால் போதும். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து மேற்குப் பார்த்து நிற்கும் ஆளின் முகத்தில் அந்த நேரம் மஞ்சள் பூசியது போல வெளிச்சம் விழும், பின்னால் கடல் ஊதாவாக இருக்கும். சூரியனையே எடுத்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் சாயங்கால மெரினா மிக நல்ல இடம்.

இன்னொரு அறிவுரை, வடக்கு ஜன்னல். வடக்குப் பக்க ஜன்னலில் நேர் வெயில் வராது, நாள் முழுக்க மென்மையான வெளிச்சம் வரும் என்பது பழைய ஸ்டுடியோக்காரர்களின் கணக்கு. ஐரோப்பாவில் அது சரி. நமக்கோ தை பிறந்த பின் சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டே வந்து, ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையின் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கேதான் இருக்கும். மதுரை, யாழ்ப்பாணம் பக்கம் இந்தக் காலம் இன்னும் கொஞ்சம் நீளம். மே, ஜூனில் வடக்கு ஜன்னலுக்குள்ளும் வெயில் எட்டிப் பார்க்கும். உங்கள் வீட்டு ஜன்னலில் எந்த மாதம் எப்படி என்பதற்குப் புத்தகத்தை நம்பாமல் பூண்டை நம்புங்கள். சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் அந்த இரண்டு நாளும் நண்பகலில் விளக்குக் கம்பத்துக்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. ஆள் படம் எடுக்க மிக மோசமான நிமிடம், மற்றபடி பார்க்க வேண்டிய வேடிக்கை.

நடுப்பகலில் என்ன செய்வது

நம் விசேஷங்கள் எல்லாம் பத்திலிருந்து ஒன்றுக்குள்தான் நடக்கின்றன. பொன்னிற வெளிச்சத்துக்காக யாரும் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கப் போவதில்லை. ஆகவே இந்த நேரத்தைப் பழகாமல் நமக்கு வேறு வழி கிடையாது.

பெட்டிக்கடைக்காரரை என்றாவது பகல் பன்னிரண்டு மணிக்குக் கவனித்திருக்கிறீர்களா? மேலே கூரை, அதனால் தலையில் வெயில் இல்லை. முன்னால் வெயில் காயும் ரோடு, அதில் பட்ட வெளிச்சம் கீழிருந்தும் எதிரிலிருந்தும் எழும்பி அவர் முகத்தில் விழுகிறது, கண்ணுக்குள்ளும் போகிறது. பின்னால் கடையின் உள்பக்கம் இருட்டு. காசு கொடுத்து ஸ்டுடியோவில் அமைப்பதை அவர் சும்மாவே உட்கார்ந்து அனுபவிக்கிறார். ஆட்டோ ஓட்டுநர் இருக்கை, பஸ் ஜன்னல், டீக்கடை முன்பகுதி, எல்லாம் இதே கதைதான்.

வீட்டில் இதைச் செய்ய வாசல் நிலைப்படி போதும். ஆளை நிலைப்படிக்கு ஒரு அடி உள்ளே, வெளியைப் பார்த்து உட்கார வையுங்கள், நீங்கள் வெளியே நின்று எடுங்கள். வாசலில் சிமெண்டுத் தரையோ மணலோ இருந்து அதில் வெயில் விழுந்துகொண்டிருந்தால் இன்னும் நல்லது, அது கீழிருந்து அடிக்கும் இலவச விளக்கு. ஆள் இரண்டடி உள்ளே போகப் போக முகம் மெதுவாக இருட்டும், அந்த இரண்டடிக்குள் எங்கே நிறுத்துவது என்பதுதான் விளையாட்டு. முற்றம் வைத்த வீடு இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் எந்தத் தூணோரம் நின்றாலும் படம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நிறம். வெளிச்சம் எதில் பட்டு வருகிறதோ அதன் நிறத்தைக் கொண்டுவரும். பச்சை டிஸ்டெம்பர் சுவருக்குப் பக்கத்தில் நின்றால் கன்னம் பச்சையாகும், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எல்லாரும் உடம்பு சரியில்லாதவர்கள் போல இருப்பார்கள். சிவப்பு ஷாமியானா இன்னும் மோசம், கல்யாணப் பெண் தக்காளி மாதிரி வருவாள், அதை அப்புறம் எந்த ஆப்பிலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. தென்னங்கீற்றுப் பந்தல் தேவலாம், அதன் ஓரத்துக்கு வந்து நின்றால்.

இன்னொன்று, மரத்தடி. நிழல் என்று நம்பி வேப்பமரத்தடியில் நிறுத்தினால் முகமெல்லாம் வெயில் பொட்டு விழும். அந்தப் பொட்டுகள் ஏன் வட்டமாக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமரா, தரையில் விழும் வட்டம் ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம் வந்தபோது மேகம் மறைக்காத இடங்களில் அவை வளையல் வளையலாக விழுந்தன. ரசிக்கலாம், முகத்தில் மட்டும் வேண்டாம். அடர்ந்த புளியமரமோ ஆலமரமோ பார்த்து, நிழலின் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு வந்து, திறந்த பக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

கேமராவிடம் சொல்ல வேண்டியது

லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையிலிருந்து எடுத்த ஃபோனில் விரல் ரேகை இருந்தால் வெயிலுக்கு எதிரே பிடிக்கும்போது படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி ஆகும். பலபேர் ஃபோனைக் குறை சொல்வது இதனால்தான்.

திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும், அதன் பின் விரலை மேலே கீழே இழுத்தால் படம் வெளுக்கும் அல்லது இருளும். பெரும்பாலான ஃபோன்களில் இந்த வசதி உண்டு, பெரும்பாலானவர்கள் தொட்டதே இல்லை. இது ஏன் தேவை என்றால், கேமராவுக்கு எதிரே இருப்பது என்னவென்று அவ்வளவாகத் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவு பிரகாசத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை வேட்டி சட்டையில் தாத்தா நின்றால் வேட்டியைச் சாம்பலாக்கப் போய் முகத்தைக் கரியாக்கும். இருட்டு வாசலுக்கு முன்னால் பாட்டி உட்கார்ந்தால் இருட்டை வெளிச்சமாக்கப் போய் முகத்தை வெளுக்க வைக்கும். முதல் இடத்தில் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், இரண்டாவதில் கீழே இறக்குங்கள்.

அப்புறம் அந்த அழகூட்டும் மோடு. அணைத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நம் தோலின் நிறத்துக்கு ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது கன்ன எலும்பிலும் நெற்றியிலும் ஒரு மினுமினுப்பு வரும், அதுதான் படத்தின் உயிர். அந்த மோடு அதைத் துடைத்து மைதா மாவு பூசிவிடும்.

தனிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு: நல்ல வெயிலில் எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 16, ஐ.எஸ்.ஓ. (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) எவ்வளவோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு நொடியில் அதில் ஒரு பங்கு. அதாவது ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 அல்லது 1/125. மேகமூட்டத்துக்கு எஃப் 8, திறந்த நிழலுக்கு எஃப் 5.6. ஜன்னலோரத்தில் ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, 1/125 என்று ஆரம்பித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தை என்றால் 1/250க்குக் கீழே போகாதீர்கள், அதற்காக ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிப் படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் பரவாயில்லை, ஆடிப்போன படத்தை என்ன செய்ய முடியும்?

வீட்டிலேயே இருக்கும் சாமான்கள்

ஒற்றை வேட்டி ஒன்று, தெர்மாகோல் அட்டை ஒன்று, கறுப்புக் குடை ஒன்று. ஜன்னலில் நேர் வெயில் அடித்தால் வேட்டியைக் குறுக்கே கட்டிவிடுங்கள், கம்பி நிழலும் போகும், வெளிச்சமும் பரவும். முகத்தின் ஒரு பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் இரண்டடி தள்ளி தெர்மாகோலைப் பிடிக்கச் சொல்லுங்கள் (தம்பி, தங்கைகள் இதற்குத்தான்). கறுப்புக் குடை அதற்கு நேர் எதிர், வெள்ளையடித்த சின்ன அறையில் நாலு பக்கமும் வெளிச்சம் தெறித்து முகம் தட்டையாகத் தெரியும்போது, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் குடையை விரித்துப் பிடித்தால் அந்தப் பக்கக் கன்னத்தில் நிழல் விழுந்து முகத்துக்கு ஆழம் வரும். இதை முதலில் செய்து பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

டியூப்லைட்டை ஏன் அணைக்கச் சொன்னேன் என்றால், வெயிலுக்கு ஒரு நிறம், டியூப்புக்கு ஒரு நிறம், மஞ்சள் பல்புக்கு இன்னொன்று. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்: நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின், வெள்ளை எல்.இ.டி. டியூப் பெரும்பாலும் 6500, மஞ்சள் பல்பு 2700. கண் இதைச் சமாளித்துக்கொள்ளும், கேமரா சமாளிக்காது, முகத்தில் பாதி நீலம் பாதி மஞ்சள் என்று வரும். விதிவிலக்கு ஒன்று உண்டு, கார்த்திகை தீபம். சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும், அகல் விளக்கு ஆரஞ்சாக எரியும், இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்துக்கு வரும் அந்தச் சில நிமிடங்களில் திண்ணையில் வரிசையாக வைத்த விளக்கை எடுங்கள். முழு இருட்டாகும்வரை காத்திருந்தால் சுடர் மட்டும் வெள்ளைத் திட்டாக மிஞ்சும்.

சாப்பாடும் கோலமும்

இட்லி ஆவியை எடுக்க ஒரே வழிதான், வெளிச்சம் இட்லிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், ஆவிக்குப் பின்னால் இருட்டான ஏதாவது இருக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே தட்டை வைத்து, ஜன்னலே படத்தில் விழாதபடி கொஞ்சம் மேலிருந்து பாருங்கள், ஆவி வெள்ளிக் கம்பி மாதிரி தெரியும். சாம்பிராணிப் புகைக்கும் ஃபில்டர் காபிக்கும் இதேதான். தோசைக்குப் பக்கவாட்டு வெளிச்சம், அந்த முறுகல் மேடு பள்ளம் தெரிய. பிரியாணியைப் பற்றிக் கேட்காதீர்கள், எடுப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது.

கோலத்தை எல்லாரும் மேலிருந்து பகலில் எடுக்கிறார்கள், சுவரொட்டி மாதிரி தட்டையாக வரும். சூரியன் எழுந்து பத்து நிமிடத்தில், வெயில் தரையோடு தரையாக வரும்போது, சூரியன் இருக்கும் திசைப் பக்கம் திரும்பிக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எடுங்கள். மாவுக்கோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி நிழல் இருக்கும், தெளித்த தண்ணீர் காயாமல் இருந்தால் தரையும் மின்னும். சூரியனை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள், குறிப்பாக பெரிய லென்ஸ் போட்ட கேமராவின் கண்ணாடி வழியாகப் பார்க்கவே கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கேமராவை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். வானமே ஒரு பெரிய வேட்டி அப்போது. எந்தத் திசையில் நிறுத்தினாலும் முகம் நன்றாக இருக்கும், ஈர இலையும் ஓட்டுக் கூரையும் வேறு எப்போதும் காட்டாத நிறத்தைக் காட்டும். வெள்ளையாக வெறிச்சென்று இருக்கும் அந்த வானத்தை மட்டும் படத்துக்குள் விடாமல் கொஞ்சம் கீழே பார்த்து எடுங்கள்.

போன மாதம் பாட்டியை நிலைப்படியில் உட்கார வைத்து, வேட்டி, தெர்மாகோல் எல்லாம் பிடிக்க வைத்து, ஒரு படம் எடுத்தேன். கண் தெரிந்தது, சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாட்டி ஃபோனைக் கிட்டேயும் தள்ளியும் வைத்துப் பார்த்துவிட்டு, "மூக்குத்தி மின்னவே இல்லையேடா" என்றாள். சரிதான், பரவிய வெளிச்சத்தில் கல் மின்னாது, அதற்குச் சின்னதாகக் கூர்மையாக வரும் வெளிச்சம் வேண்டும். வேட்டியின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி ஒரு கீற்று வெயிலை மூக்கின் மேல் மட்டும் விடலாமா என்று பார்க்க வேண்டும், இந்த ஞாயிறு, ஒன்பது மணி வாக்கில், பாட்டி தூங்கிப்போவதற்குள்.